படலையார் கண்ணை மூடினால்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றுவரை ஒரு வாக்குவாதத்திலும் தோற்காத மனிதர் ஒருவரே உண்டு. அவர் சட்டத்தரணி அல்லர். பட்டிமன்றப் பேச்சாளரும் அல்லர். அரியாலையில் வீட்டு வாசல்களுக்கு இரும்புப் படலைக் கதவு செய்துகொடுக்கும் வெல்டிங் தொழிலாளி; ஊருக்கு அவர் படலையார். பிறவியிலேயே காது கேளாதவர். வாயால் ஒரு சொல்லும் பேசியறியாதவர். இருந்தும், அவரோடு வாதாடப் போனவர்கள் எல்லாரும், நியாயம் முழுவதும் தங்கள் பக்கம் இருக்க, அதைச் சொல்லி முடிக்க வழியில்லாமல் வீடு திரும்பியவர்கள்.

அவருடைய உத்தியில் சூட்சுமம் எதுவும் இல்லை. எதிராளி நியாயத்தை நெருங்குகிறார் என்று தோன்றும் கணத்தில் கண்களை மூடிக்கொள்வார். சைகை மொழியில் உரையாடுபவருக்குக் கண்தான் காது. அது மூடப்பட்டுவிட்டால், எதிரே நிற்பவரின் கைகள் எத்தகைய வாதத்தை முன்வைத்தாலும் காற்றைத் துழாவுவதோடு சரி. காது கேட்கும் எங்களுக்கு இந்த வசதி இல்லை. இயற்கை எங்கள் காதுகளுக்கு இமை வைக்கவில்லை.

இவ்விடயத்தில் அவர் நேர்மையானவர் என்பதையும் சொல்ல வேண்டும். இமையிடுக்கால் கள்ளமாகப் பார்ப்பது அவரிடம் கிடையாது. மூடினால் மூடியதுதான். எதிராளி களைத்து ஓய்ந்திருப்பார் என்று தாமாகவே கணித்து, அவசரமில்லாமல் ஆறுதலாகத் திறப்பார். திறந்ததும் மீசையை ஒருமுறை தடவுவார். வழக்கு முடிந்தது, தீர்ப்புத் தம் பக்கம் என்பது அதன் பொருள்.

இந்த முறைக்குக் காது கேட்பவர்களும் விலக்கு அல்லர். கனடாவிலிருந்து வந்த ஒருவர், தம் வீட்டுப் படலையில் இரண்டு மயில்கள் எதிரெதிரே நிற்க வேண்டும் என்று படம் கீறிக் கொடுத்தார். மயிலின் கழுத்து இரும்புக்குப் பொருந்தாது, அன்னம்தான் வடிவு என்பது படலையாரின் கட்சி. வந்தவர் படத்தைச் சுட்டிச் சுட்டிக் காட்டினார். படலையார் கண்களை மூடினார். வந்தவர் அவருடைய கையைப் பிடித்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். கை இரும்பு போலக் கிடந்தது. முடிவில் அவர் பாதி இறங்கி வந்தார்; படலையாரும் பாதி இறங்கி வந்தார். இன்றும் அந்தப் படலையில் ஒரு பக்கம் மயிலும் மறுபக்கம் அன்னமும், வேலிச் சண்டையில் கதையை நிறுத்திக்கொண்ட அயலவர்களைப் போல, ஒன்றையொன்று பார்த்தும் பாராமலும் நிற்கின்றன.

இன்னொருமுறை, தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போனவரைப் இளம் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். படலையார் இறங்கினார், காதைச் சுட்டிக் காட்டினார், கண்களை மூடினார். மயக்கம் வந்துவிட்டது என்று பதறிய அந்த இளைஞர் எதிர்க் கடையிலிருந்து சோடா வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். படலையார் கண்ணைத் திறந்தார், சோடாவைக் குடித்தார், மீசையைத் தடவிக்கொண்டு புறப்பட்டார்.

ஊரில் எவரும் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. காது கேளாதோரிடையே ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. அவருக்கான பெயர், இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து படலையின் இரு கதவுகளைப் போலச் சாத்துவது.

அவரை நான் அறிய நேர்ந்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அருகிலேயே ஓர் ஆய்வுத் திட்டத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. குடாநாட்டில் காது கேளாதோர் ஒருவரோடொருவர் இயல்பாக உரையாடுவதை ஒளிப்பதிவு செய்ய வேண்டும். பதிவில் வரும் ஒவ்வொரு சைகையையும் அது நிகழும் இடத்திலேயே எழுத்தில் குறிக்க வேண்டும். பின்னால் வரும் எவரும் தேடிப் பார்க்கக்கூடிய தொகுப்பாக அதை ஒழுங்குபடுத்த வேண்டும். இத்தகைய தொகுப்பைத் தரவகம் என்பார்கள். நான் அதிகம் பேசுபவள் அல்லள். பேச்சே இல்லாத வேலை என்று எண்ணித்தான் விண்ணப்பித்தேன். அவ்வளவு பேச்சை நான் அதற்கு முன்னர் எங்குமே கண்டதில்லை.

திட்டத்தை நடத்தியவர் மொழியியல் விரிவுரையாளர் ஒருவர். எங்களுக்கு அவர் ‘மிஸ்’. உரையாடல்களை நெறிப்படுத்தியவள் நிரோஜா. என் வயதுக்காரி, காது கேளாதவள், எனக்குச் சைகை கற்பித்தவள். நான் சைகை செய்வது கையுறை போட்டுக்கொண்டு பூத்தொடுப்பது போல இருக்கிறது என்பது அவளுடைய கருத்து. கமராக்களைப் பார்த்துக்கொள்வதும் பதிவுகளுக்குக் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. பலாலி வீதியை ஒட்டிய ஒரு மாடி அறைதான் எங்கள் ஒளிப்பதிவுக்கூடம். பேருந்துகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். கோயில் ஒலிபெருக்கி பாடும். கீழ்க்கடையில் அரைவை இயந்திரம் ஓடும். எங்களுக்கு எதுவும் இடைஞ்சல் அன்று. மின்சாரம் நின்றால் மட்டும் எல்லாரும் ஊமையாகிவிடுவோம்.

இங்கே நான் தரும் உரையாடல்களிற் பெரும்பாலானவை கைகளால் நடந்தவை. அவற்றை யாழ்ப்பாணப் பேச்சில் எழுதுவதற்குக் காரணம், அந்த முகங்களுக்கு வேறெந்தத் தமிழும் பொருந்தாமையே. சைகையில் ‘நீ’ என்பதும் ‘நீங்கள்’ என்பதும் ஒரே சுட்டுவிரல்தான். படலையாரின் சுட்டுவிரலில் மரியாதை குறைவு. அவருடைய மனைவியின் சுட்டுவிரலில் அதனினும் குறைவு. மரியாதை தேவையான இடங்களில் நானே சேர்த்திருக்கிறேன்.

ஒளிப்பதிவுக்கு வருபவர்கள் பூவோ கோடோ இல்லாத கருமையான மேலாடை அணிய வேண்டும் என்பது விதி. அப்போதுதான் கைகள் தெளிவாகத் தெரியும். படலையார் முதல் நாள் வந்தபோது, பச்சைச் சேட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பருத்திப் பூக்கள் பூத்திருந்தன. நெற்றியில் சந்தனம். மணிக்கட்டில் பொன்னிற மணிக்கூடு. வாசனைத் திரவியம் அவருக்கு முன்னரே மாடியேறி வந்திருந்தது.

“அண்ணை, உந்தச் சேட்டோடை உங்கடை கை தெரியாது,” என்றாள் நிரோஜா.

“கை தெரியாட்டி என்ன? ஆள் தெரியுந்தானே.”

“கறுப்பு ரீசேட் ஒண்டு தாறம். மாத்துங்கோ.”

“கறுப்போ? ஆர் செத்தது?”

நிரோஜா விளக்கத் தொடங்கினாள். கண்கள் மூடின. மிஸ் என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, அவரைக் கண்ணைத் திறக்கச் சொல்லும்.”

“எப்பிடி மிஸ்?”

“ஏன், சைகையிலை சொல்லும்.”

“அதைப் பாக்கிறதுக்கு அவர் கண்ணைத் திறக்கவேணும் மிஸ்.”

மொழியியலில் மிஸ் பெற்ற பட்டங்கள் எதுவும் அந்த இடத்தில் உதவவில்லை. தோளைத் தட்டிப் பார்த்தோம். கேற்றுத் தூணைத் தட்டியது போல இருந்தது. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தோம், வியர்த்தார், திறக்கவில்லை. கடைசியில் நிரோஜா கீழ்க்கடையிலிருந்து எண்ணெயில் பொரித்த வாய்ப்பன் பலகாரத்தைச் சுடச்சுட வாங்கிவந்து அவருடைய மூக்குக்கு நேரே பிடித்தாள். மூக்குக்கு அவர் படலை போட்டிருக்கவில்லை. கண்கள் திறந்தன. வாய்ப்பனைச் சாப்பிட்டார். எண்ணெய் செம்பருத்திப் பூவில் சொட்டியது. கறை படிந்த உடுப்போடு கமராவுக்கு முன் இருப்பதா என்று தாமே எழுந்து போய்க் கறுப்பு ரீசேட்டை மாட்டிக்கொண்டு வந்தார். வந்து மீசையைத் தடவினார்.

கமராவுக்கு முன் அமர்ந்ததும் அவர் வேறொரு மனிதரானார். எதிரே இருப்பவரைப் பார்த்துக் கதைக்க வேண்டும் என்பதை எத்தனைமுறை சொன்னாலும், செய்தி வாசிப்பவரைப் போலக் கமராவையே பார்ப்பார். மன்னாரிலும் கொழும்பிலும் உள்ள நண்பர்களுக்கு ஒவ்வொருவராக வணக்கம் சொல்வார். படக்கதை ஒன்றைக் காட்டி, அதைச் சைகையில் திரும்பச் சொல்லும்படி எல்லாரிடமும் கேட்பது வழக்கம். காற்றில் குடை பறந்துபோன ஒரு மனிதனின் கதை அது. படலையாரின் கையில் அந்தக் கதை இவ்வாறு ஆயிற்று: மனிதனின் வீட்டுப் படலை யாரோ தொழில் அறியாதவனால் ஒட்டப்பட்டது, கதவைத் தூணோடு பொருத்தும் பிணைச்சல் சரியில்லை, காற்றில் படலை திறந்துகொண்டது, ஆகையால் குடை பறந்தது. பிழை குடையில் இல்லை.

எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அது ஒரு பிணைச்சலில் வந்து நின்றது. சைகைகளின் எண்ணிக்கையைக் கணினியில் எடுத்துப் பார்த்த மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். எங்கள் தொகுப்பை மட்டும் வைத்து எதிர்காலத்தில் எவரேனும் ஆராய்ந்தால், யாழ்ப்பாணத்துக் காது கேளாதோர் உணவைப் பற்றியும் உறவினரைப் பற்றியும் பேசுவதைவிடப் பிணைச்சலைப் பற்றியே அதிகம் பேசினர் என்ற முடிவுக்கு வருவார்கள்.

என் குறிப்பு வேலையும் அவரால் தனிப்பட்ட முறையிற் பாதிக்கப்பட்டது. திரையில் ஒளிப்பதிவு ஓட, அதன் கீழே வரிசை வரிசையாகக் குறிக்க வேண்டும். வலக்கைக்கு ஒரு வரிசை, இடக்கைக்கு ஒன்று, புருவத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. மற்றவர்களின் கண் வரிசையில் இமைப்புகள் எறும்பு ஊர்வதுபோல் சிறுசிறு புள்ளிகளாக வரும். படலையாரின் கண் வரிசையிலோ இரயில் பெட்டிகள் நின்றன.

இணையாக உட்கார்த்தும் பதிவுகளில்தான் உண்மையான இடர் வந்தது. இருவர் எதிரெதிரே அமர்ந்து இயல்பாகக் கதைக்க வேண்டும். படலையாரோடு அமர்ந்த முதல் மனிதர் பாதியிலேயே எழுந்து, “சுவரோடை கதைக்கிறதெண்டா நான் வீட்டிலையே கதைப்பன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாமவர் படலையார் கண்ணை மூடியதும் தாமும் மூடிக்கொண்டார். இருவரும் எதிரெதிரே கண்மூடி அமர்ந்திருக்க, கமராக்கள் அந்த மௌனத்தைப் பக்தியோடு பதிவுசெய்தன. மூன்றாமவர் கிடைக்கவில்லை.

“அவரின்ரை மனுசியைக் கூப்பிடுவம்,” என்றார் மிஸ். “அவ பழகியிருப்பா.”

பவளக்கா அரியாலையிலிருந்து பேருந்தில் வந்தார். அவரும் காது கேளாதவர், சட்டை தைப்பவர். சிறிய உருவம். தைத்து முடியாத ஒரு சட்டையைப் பையில் கொண்டுவந்திருந்தார். வந்ததும் கறுப்பு ரீசேட்டைக் கேட்டு வாங்கி, அதன் கழுத்துத் தையல் பிரிந்திருப்பதைக் கண்டு, முதலில் அதைத் தைத்துவிட்டே அணிந்தார். படலையார் அன்று எவரும் சொல்லாமலே மணிக்கூட்டைக் கழற்றி வைத்தார்.

தலைப்பு: உங்களில் ஒருவர் வழிதவறிய நாள்.

“இவ துலைஞ்ச கதையைச் சொல்லுறன்,” என்று தொடங்கினார் படலையார். “கலியாணம் கட்டின புதிசு. தொண்டைமானாத்துச் சந்நிதித் திருவிழா. சரியான சனம். இவ துலைஞ்சு போனா. நான்தான் தேடிப் பிடிச்சனான்.”

“ஆர் துலைஞ்சது?” பவளக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீங்கள் துலைஞ்சியள். நான் உங்களைக் கண்டுபிடிச்சனான்.”

“காப்புக் கடையிலை வாயைப் பிளந்துகொண்டு நிண்டது ஆர்?”

“தேர்ச் சில்லின்ரை இரும்புப் பட்டி சரியில்லையெண்டு குனிஞ்சு பாத்துக்கொண்டு நிண்டது ஆர்?”

“அது ஒரு நிமிசம்.”

“உங்கடை ஒரு நிமிசத்திலை சாமி வீதியைச் சுத்தி வந்து இருப்பிடத்துக்கே போட்டுது.”

“நான் உன்னைக் கூப்பிட்டனான். ரெண்டு கையையும் தூக்கித் தூக்கி ஆட்டிக் கூப்பிட்டனான்.”

“கையைத் தூக்கினியளோ? அங்கை நிண்ட சனம் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டுதானே நிண்டது. சாமி கும்பிடுகினம். அதுக்குள்ளை உங்கடை கை எது எண்டு நான் கண்டனோ?”

நிரோஜா சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். படலையார் எங்களைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கண்களை மூடினார்.

பவளக்கா நிறுத்தவில்லை. மூடிய கண்களுக்கு முன்னால் அவருடைய கைகள் தொடர்ந்து பேசின. முதலில் வேகமாக, பின்னர் மெதுவாக. கடைசியில் மடியின் அளவுக்கு இறங்கி, மிகச் சிறிய சைகைகளாக. பிறகு பையைத் திறந்து சட்டையை வெளியே எடுத்தார். அவர் ஊசியில் நூல் கோத்து முடித்த வேளையில் படலையார் கண்களைத் திறந்தார்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது. வாங்கோ, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

மீசையைத் தடவிக்கொண்டு அவர் எழுந்தார். அவர்கள் போனபின் நிரோஜா அந்தக் கடைசிப் பகுதியைத் திரும்ப ஓடவிட்டு எனக்குச் சொன்னாள். நான் குறித்துக்கொண்டேன். என்ன குறித்தேன் என்பதை இவ்விடத்தில் எழுதப் போவதில்லை. அன்று படலையாருக்கு எவ்வளவு தெரிந்திருந்ததோ அவ்வளவே வாசகருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆண்டு நிறைவில் குடாநாட்டுக் காது கேளாதோர் எல்லாரும் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் பதிவுகளிற் சிலவற்றைத் திரையிடத் தீர்மானித்தோம். எதைக் காட்டுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. நிரோஜா தன் தோழி ஒருத்தியிடம், அந்தத் தம்பதியின் பதிவுதான் மிகச் சிறந்தது என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் செய்தி கைப்பேசிகளில் முகம் பார்த்து முகம் பார்த்துப் பரவி அரியாலையை அடைந்தபோது, ‘படலையார் தோற்றுப்போனார்’ என்று சுருங்கியிருந்தது.

மறுநாட்காலை அவர் மாடியில் நின்றார்.

“அழியுங்கோ,” என்றார். உள்ளங்கையால் காற்றைத் துடைத்தார். “உந்தப் படத்தை அழியுங்கோ. ஊர் முழுக்க என்னைப் பாத்துச் சிரிக்கும்.”

அது அவருடைய உரிமை. பதிவில் இருக்கும் எவரும் வேண்டாம் என்றால் அழித்தே ஆகவேண்டும் என்பது எங்கள் விதிகளிலெல்லாம் முதலாவது. ஆனால் அழிப்பதற்கு முன் உரியவர் பதிவைப் பார்க்க வேண்டும் என்று மிஸ் கேட்டுக்கொண்டார்.

“நான் ஏன் பாக்கவேணும்? நான் அங்கைதானே இருந்தனான்.”

“அண்ணை, ஒருக்காப் பாத்திட்டு முடிவெடுங்கோ,” என்றாள் நிரோஜா.

“அப்ப என்ரை முகத்தை மறைச்சுப்போட்டுக் காட்டுங்கோ.”

முகத்தை மறைக்க முடியாது என்று அவள் விளக்கினாள். கைகள் மட்டும் சைகை மொழி ஆகா. புருவமும் வாயும் கன்னமும் சேர்ந்தே வசனம் ஆகும். முகத்தை மறைத்தால் பாதி மொழி போய்விடும். படலையார் இதைக் கவனமாகப் பார்த்தார்.

“என்ரை முகம் இல்லாட்டி மொழியே இல்லையோ?”

“இல்லை.”

அவர் சிறிது நேரம் மகிழ்ச்சியாக இருந்தார். பிறகு வந்த காரியம் நினைவுக்கு வந்தது. “அப்ப திரும்ப எடுங்கோ. இந்தமுறை நான் ஆயத்தமா வாறன்.”

மிஸ் என்னைப் பவளக்காவிடம் அனுப்பினார். நான் அரியாலைக்குப் போனபோது அவர் தையல் இயந்திரத்தடியில் இருந்தார். பக்கத்துப் பட்டறையில் படலையார் முகக்கவசத்துக்குள் இருந்தார். என் கையுறைச் சைகையில் நான் கேட்டு முடிக்கும்வரை பவளக்கா பொறுத்திருந்தார்.

“திரும்பவோ? ஏலாது பிள்ளை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன். இனி இன்னொருக்காச் சொல்லமாட்டன்.”

“அவர் அதை அழிக்கச் சொல்லுறார் அக்கா.”

பவளக்கா பட்டறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். “உந்தாள் கண்ணை மூடினாப் பிறகு நான் எவ்வளவோ சொல்லியிருக்கிறன். இவ்வளவு காலமும். அதெல்லாம் காத்தோடை போச்சு. இது ஒண்டுதான் நிண்டுது.” நூலைக் கடித்து அறுத்தார். “அழிக்கிறதெண்டா அழிக்கட்டும். பாத்துப்போட்டு அழிக்கச் சொல்லு. ஆனா அதிலை என்ன இருக்கெண்டு நீ சொல்லக்கூடாது. விளங்கிச்சோ?”

“ஓம் அக்கா.”

சொல்லாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. எனினும் இதற்கு முன் அது இவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

அடுத்துவந்த சனிக்கிழமைகளில் படலையார் புதுப்புது வாதங்களோடு வந்தார். ஒரு சனிக்கிழமை, சாக்கில் சுற்றிய கனமான பொருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறினார். சாக்கை விலக்கினால், சந்நிதித் திருவிழா. முழுவதும் இரும்பு. கோயில், தேர், காப்புக் கடை, ஐஸ்கிறீம் வான் எல்லாம் தகட்டில் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. சனக்கூட்டம் முழுவதும் ஆணிகள். தேர்ச் சில்லுக்கு அருகே நிமிர்ந்து நின்ற பெரிய போல்ட் அவர். காப்புக் கடை வாசலில் கிடந்த சிறிய நட்டு பவளக்கா. போல்ட் மட்டும் உறுதியாக ஒட்டப்பட்டிருந்தது. நட்டை எங்கும் நகர்த்தலாம்.

“பாருங்கோ,” என்றார். “நான் ஒரே இடத்திலை. ஆர் அசைஞ்சது? இவதான். அசையிற ஆள்தான் துலையிற ஆள்.”

மிஸ் வியந்துபோய் அதைச் சுற்றி வந்தார். “பிள்ளை, உதையும் தரவாச் சேர்க்கலாமோ?” என்று என்னிடம் கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கூட்டம் நெருங்கியது. திரையிடலுக்கு முந்திய சனிக்கிழமை படலையார் இறுதி முடிவோடு வந்தார். மிஸ்ஸும் நிரோஜாவும் மண்டபம் பார்க்கப் போயிருந்தார்கள். அறையில் நானும் இரும்புத் திருவிழாவும் மட்டுமே.

“இண்டைக்கு அழிக்கவேணும். என்ரை கண்ணுக்கு முன்னாலை அழிக்கவேணும். பேந்து அழிச்சனாங்கள் எண்டு சொல்லி ஏமாத்தக்கூடாது.”

கண்ணுக்கு முன்னால் என்பது அவருடைய சொந்தச் சைகை. நான் கேட்டு வாங்கியதன்று. கணினியைத் திறந்தேன். எங்கள் திரையில் இரண்டு கமராக்களின் காட்சியும் பக்கம் பக்கமாகத் தெரியும்: இடப்புறம் அவர், வலப்புறம் பவளக்கா. அழிக்க வேண்டியது இதுதானா என்று அவர் உறுதிப்படுத்த வேண்டும் என்றேன். பதிவை ஓடவிட்டேன்.

படலையார் தம்மைத் தாமே பார்த்தார், பிடித்திருந்தது. கறுப்பும் தமக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது என்றார். தேர்ச் சில்லுப் பகுதியில் முகம் சுளித்தார். கைகளைத் தூக்கிய பகுதியில் நாற்காலியில் நெளிந்தார். திரையில் இருந்த படலையார் கண்களை மூடினார்.

“சரி, முடிஞ்சுது. அழியுங்கோ.”

நான் அழிக்கும் பொத்தானை அழுத்தவில்லை. “இன்னும் முடியேல்லை,” என்று சைகை செய்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் சுட்டிய இடத்தைப் பார்த்தார்.

இடப்புறத்தில் அவர் கண்மூடி அமர்ந்திருந்தார். வலப்புறத்தில் அவருடைய மனைவி பேசிக்கொண்டிருந்தார்.

“கண்ணை மூடினா வென்றதெண்டு நினைப்பு. துருப்பிடிச்ச படலை. எண்ணெய் விட்டாலும் திறவாது.” இது வேகமாக வந்தது. படலையாரின் மீசை துடித்தது. அவர் கண்களை மூடப்போகிறார் என்று நான் அஞ்சினேன். மூடவில்லை.

திரையில் பவளக்காவின் கைகள் வேகம் குறைந்தன.

“நான் துலையவேயில்லை. நீங்கள் ஓடித் திரிஞ்சதை நான் கண்டனான். ஐஸ்கிறீம் வானுக்குப் பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். வேட்டி எல்லாம் மண். கண்ணெல்லாம் சிவந்து. ஒவ்வொரு பொம்பிளையின்ரை முகத்தையும் எட்டி எட்டிப் பாத்துக்கொண்டு.” கைகள் மடிக்கு இறங்கின. “என்னை ஒருத்தரும் அப்பிடித் தேடினதில்லை. இன்னும் கொஞ்சம் பாப்பமெண்டு நிண்டனான். அதுதான் சுணங்கினது.”

பிறகு திரையில் அவர் பையைத் திறந்து சட்டையை எடுத்தார். பதிவு நின்றது.

பலாலி வீதியில் ஒரு பேருந்து நீண்ட ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. எனக்கு மட்டும் கேட்டது. படலையார் விரலைச் சுழற்றினார்: திரும்ப. ஓடவிட்டேன். மீண்டும் விரலைச் சுழற்றினார்.

பின்னர் கண்களைத் துடைத்துக்கொண்டு, “உங்கடை உந்தத் திரை வெளிச்சம் கூடாது பிள்ளை,” என்றார். “வெல்டிங்குக்கெண்டாலும் முகத்துக்குக் கவசம் இருக்கு.”

“அழிக்கிறதோ அண்ணை?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார். “ஏன் அழிக்கிறது? நீர் பாக்கேல்லையோ? ஓடித் திரிஞ்சு தேடினது ஆர்? நான். தான் தேடேல்லையெண்டு அவளே சொல்லுறாள். அப்ப ஆர் வென்றது?”

மீசையைத் தடவினார். பிறகு இரும்புத் திருவிழாவின் அருகே போய் நின்றார். காப்புக் கடை வாசலில் கிடந்த நட்டை இரண்டு விரல்களால் எடுத்தார். ஐஸ்கிறீம் வானுக்குப் பின்னால், சின்ன இடைவெளி ஒன்றைத் தேடி, அதில் வைத்தார். சற்று விலகி நின்று பார்த்தார். போல்ட் நின்ற இடத்துக்கு முகத்தைத் தாழ்த்தி, அங்கிருந்து நட்டுத் தெரிகிறதா என்றும் பார்த்தார். தெரியவில்லை. திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். மறுவாரம் திரும்பக் கொண்டுவந்து தந்தபோது நட்டும் ஒட்டப்பட்டிருந்தது. இப்போது அது மிஸ்ஸின் மேசையில் இருக்கிறது.

கூட்டத்தில் பதிவு ஓடியபோது மண்டபம் குலுங்கியது. கையுயர்த்தும் பகுதிக்குச் சிரித்தவர்களில் சிலர் கதிரையிலிருந்து வழுக்கினார்கள். கடைசிப் பகுதியில் ஒரு கையும் அசையவில்லை. முடிந்ததும் எல்லாரும் இரு கைகளையும் மேலே தூக்கி அசைத்தார்கள். காது கேளாதோர் கைதட்டுவது அவ்வாறுதான். படலையார் செம்பருத்திச் சேட்டோடு எழுந்து நின்று, எல்லாத் திசைகளுக்கும் கும்பிட்டு, பாராட்டு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார். பவளக்கா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பொத்தான் ஏற்கெனவே தைக்கப்பட்டிருந்ததை நான் கண்டேன்.

இரு மாதங்களின் பின் அவர்களை மீண்டும் ஒளிப்பதிவு செய்தோம். மீன் குழம்புக்குப் பழப்புளி எவ்வளவு என்பதில் சண்டை மூண்டது. பவளக்கா நியாயத்தை நெருங்கினார். வழக்கம்போல் படலையார் முகத்தை இறுக்கினார், நெஞ்சை நிமிர்த்தினார், கண்ணை மூடினார். ஒன்றை மட்டும்.

எங்கள் குறிப்பு முறையில் கண் திறந்திருத்தல், மூடியிருத்தல், இமைத்தல் என மூன்று குறிகளே உண்டு. நான்காவதாக ஒன்றைச் சேர்க்க மிஸ்ஸிடம் அனுமதி கேட்டேன். உலகில் ஒரே ஒருவருக்காக ஒரு குறியா என்று அவர் கேட்டார். ஓம் என்றேன்.